மகனா, மருமகனா?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் நம் முதியோர் முதலிற் புரட்டும் பக்கம் எது? அரசியற் பக்கமன்று, விளையாட்டுப் பக்கமுமன்று. மரண அறிவித்தல் பக்கமே அஃது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக வாசித்து, "இவர் எங்கள் இன்னாருடைய சம்பந்தியல்லவா?" என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்ளும் காட்சியை அறியாத நேயர்கள் இரார். அறிவித்தலொன்றை ஒரு முறை வாசித்த அளவில் ஊர், உறவு, மணவழி யாவும் அவர்கள் மனத்தில் ஒரு மரம் போலக் கிளைவிட்டு விரிகின்றன.

இதே வேலையைக் கணினி செய்யுமா? செய்யும். ஆயினும் அது செய்யும் முறையையும், அது வழுக்கி விழும் இடங்களையும் அறிந்துகொண்டே அதனை நாம் ஏவுதல் வேண்டும். ஏனெனில், இங்கு ஒரு சொல் தவறினால் மருமகன் மகனாகிவிடுவான். உயிரோடு இருந்தவர் இறந்தவராகிவிடுவார்.

அண்மையில் எமது பெரியம்மாவின் றங்குப் பெட்டியிலிருந்து, கத்தரித்துக் கட்டி வைக்கப்பட்ட பழைய அறிவித்தல்கள் 40 அளவில் கிடைத்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. அதன் பின்னர் வந்த போர்க் காலத்தில் வீட்டு ஆவணங்களை இழந்த குடும்பங்கள் எத்தனையோ! அத்தகைய குடும்பங்களுக்கு, மஞ்சள் பூத்த இத்துண்டுக் கடதாசிகளே வமிசாவளி; இவையே சாட்சி. பல்கலைக்கழகத்திற் பயிலும் எமது பெறாமகன் இவற்றை ஒழுங்குபடுத்தித் தர முன்வந்தான். அவ்வேலையினூடே நாம் கற்றவற்றை, மாணவ நேயர்களுக்கும் வீட்டிலுள்ளோருக்கும் பயன்படுமென்று கருதி இங்கு எழுதுகின்றோம்.

கட்டங்களுக்குள் அடங்கும் வாழ்வு

அறிவித்தலொன்றின் நடையை நினைவுகூருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாளிற் காலமானார் என்று அது தொடங்கும். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்பு மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார் என்று தொடரும். ஈமைக்கிரியை நடைபெறும் நேரமும் இடமும் கூறி முடியும்.

மனிதர் வாசிப்பதற்கு இது போதும். கணினிக்கோ இது ஒரு நீண்ட எழுத்துச் சரம் மாத்திரமே. அதனைப் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இறந்த நாள், தந்தை, தாய், துணை, பிள்ளைகள் எனக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தாலன்றி, "இந்த ஊரிற் பிறந்தோர் யாவர்?" என்ற எளிய கேள்விக்கும் அதனால் விடை கூற இயலாது. ஒழுங்கற்ற உரையிலிருந்து இவ்வாறு ஒழுங்குபட்ட செய்தியைப் பிரித்தெடுத்தலே நாம் சொல்ல வந்த கலை.

இக்கலை புதியதன்று. 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் டி ஜோங் என்பவர் 'பிரம்ப்' என்னும் நிரலொன்றை ஆக்கினார். செய்தி நிறுவனத்திலிருந்து வரும் செய்திகளை அது வாசித்து, நிலநடுக்கமாயின் எங்கே, எத்தனை பேர் மாண்டனர் என்றாற்போல, முன்னரே வகுத்து வைத்த கட்டங்களை நிரப்பும். அதைப்பற்றி அத்துறையினரிடையே ஒரு கதை வழங்கி வருகின்றது. பாப்பரசரின் மரணம் மேலைத் தேயத்தை உலுக்கியது என்ற பொருள்படும் செய்தியை வாசித்த அந்நிரல், 'உலுக்கியது' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, "மேலைத் தேயத்தில் நிலநடுக்கம், ஒருவர் மரணம்" என்று கட்டத்தை நிரப்பிவிட்டதாம்! சிரிப்புக்கிடமான இக்கதையிலே ஒரு பெரிய உண்மை உண்டு. கட்டம் நிரம்பிவிட்டது என்பதனால் மட்டும் கட்டத்தில் உள்ளது மெய்யாகிவிடாது.

உலாவி என்னும் பட்டறை

இவ்வேலைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இணையப் பக்கங்களைத் திறந்து பார்ப்பதற்கு எல்லோரும் பயன்படுத்தும் உலாவியே போதும். 1995ஆம் ஆண்டிலே பிரண்டன் ஐக் என்பவர், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், உலாவிக்குள்ளேயே இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியைப் பத்தே நாட்களில் உருவாக்கினார். இன்று எல்லா உலாவிகளிலும் அம்மொழி உண்டு. பக்கமொன்றில் ஒரு பெட்டியை அமைத்து, அதனுள் உரையை ஒட்டி, வேண்டியதைப் பிரித்து, அட்டவணையாக எழுதிக் காட்டும் நிரலை ஒரு மாணவன் சில மாலைப் பொழுதுகளில் எழுதிவிடலாம்.

அதற்குத் துணைபுரியும் முதற் கருவி 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' எனப்படும் கோல முறை. ஒரு சொல்லைத் தேடாமல், சொல்லின் கோலத்தைத் தேடுவது அது. "ஓர் எண் அல்லது ஈரெண், பின்னர் ஒரு புள்ளி, மீண்டும் ஓரெண் அல்லது ஈரெண், புள்ளி, நான்கு எண்கள்" என்று கோலம் வரைந்தால், உரையிலுள்ள திகதிகளெல்லாம் வலையில் மீன் அகப்படுவது போல வந்து விழும். இதற்கு அடிகோலியவர் ஸ்டீபன் கிளேனி என்னும் கணித அறிஞர். 1956இல் அச்சான அவருடைய கட்டுரையிலுள்ள கருத்தை, 1968இல் கென் தொம்சன் உரையிலே தேடுவதற்குரிய முறையாக்கினார்.

உலாவியிலே செய்வதனால் மற்றொரு நன்மையும் உண்டு. உரை வீட்டை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. இதனைச் சிறு விஷயமென்று எண்ணிவிடலாகாது. அறிவித்தல்களிலே தாயின் பெயர், பிறந்த ஊர், வீட்டு விலாசம், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பெயர் யாவும் உள. தாயின் கன்னிப் பெயரைக் கேட்டு ஆளை அடையாளங்காணும் வழக்கம் வங்கிகளில் இருந்து வந்துள்ளது. பத்திரிகையிலே தனித்தனியே வந்தவைதாமே என்று சொல்லலாம். ஆயின் சிதறிக் கிடக்கும் நெல்மணிகள் வேறு, அளந்து கட்டிய மூடை வேறு. எமது பெறாமகன் ஓர் எளிய சோதனை செய்து காட்டினான். பக்கத்தைத் திறந்தபின் இணையத் தொடர்பைத் துண்டித்தான். வேலை தடையின்றி நடந்தது. மீண்டும் தொடர்பு கொடுக்குமுன் அப்பக்கத்தை மூடியும் விட்டான். பிறர் ஆக்கிய கருவியைப் பயன்படுத்துவோர் இச்சோதனையை மறவாதிருத்தல் நன்று.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

வேலை தொடங்கியதும் முதலில் இடறியது எழுத்து. சில அறிவித்தல்களை உறவினரொருவர் பல்லாண்டுகளுக்கு முன் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். அவ்வெழுத்துருவிலே திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கிலக் குறிகள். 'அம்மா' என்ற சொல்லைக் கணினி 'எம்', 'கே', அரைப்புள்ளி, 'கே', 'எச்' என்றே வைத்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஆதலின், முதலில் அவற்றை யூனிகோட் முறைக்கு மாற்றவேண்டியதாயிற்று. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அங்கே 'அ' என்பது எந்நாட்டுக் கணினியிலும் 'அ' தான்.

வேறு சில துண்டுகளைப் படம் பிடித்து, படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் கருவியினிடம் கொடுத்தோம். அது பழைய அச்சிலுள்ள காலையும் ரகரத்தையும் மாறி வாசித்தது. அச்சு மங்கிய இடங்களில் நாமே ஒப்பு நோக்கித் திருத்தினோம்.

இவற்றினும் நுட்பமான இடறல் ஒன்று உண்டு. 'கொழும்பு' என்பதன் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேர்க்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள்! எமது அட்டவணையிலே கொழும்பில் வசித்தோர் இரு கூட்டமாகப் பிரிந்து நின்றதன் காரணம் இதுவே. ஜாவாஸ்கிரிப்டிலே 2015 முதல் 'நோர்மலைஸ்' என்னும் கட்டளை இருக்கின்றது. அதனை ஒரு முறை ஏவியதும் இரு கொழும்பும் ஒரு கொழும்பாயின. தமிழ் உரையைக் கையாளும் மாணவர், வேறெதனையும் செய்யுமுன் இதனைச் செய்தல் வேண்டும்.

மகனும் மருமகனும்

இனித் தலைப்பிற் கேட்ட கேள்விக்கு வருவோம். தந்தை பெயரை அறிய, 'மகனும்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் பெயரை எடு என்று எமது பெறாமகன் முதலில் எழுதினான். அட்டவணை ஒரு நொடியில் நிரம்பியது. பார்த்தால், பலருக்கு இரண்டு தந்தையர்! ஏன்? 'மருமகனும்' என்ற சொல்லின் வயிற்றிலே 'மகனும்' இருக்கின்றதல்லவா? கணினி அதனையும் மகனென்றே கொண்டுவிட்டது. மாமனார் தந்தையாகி, ஒரு குடும்பத்தின் கிளை மற்றொரு குடும்பத்தின் அடிமரத்தில் ஒட்டப்பட்டுவிட்டது.

சொல்லின் எல்லையைக் குறிப்பதற்குக் கோல முறையிலே ஒரு குறி உண்டு. ஆங்கிலத்துக்கு எழுதிய நூல்கள் அதனையே பயன்படுத்தச் சொல்லும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அக்குறி ஆங்கில எழுத்தையும், எண்ணையும், அடிக்கோட்டையுமே சொல்லின் பகுதியென அறியும். தமிழெழுத்து அதன் கண்ணில் வெற்றிடம் போன்றதே. 2018ஆம் ஆண்டு விதிகளின் பின்னரே, "எந்த மொழி எழுத்தாயினும்" என்று கேட்கவும், "இதற்கு முன்னால் எழுத்து இருத்தலாகாது" என்று விலக்கவும் அம்மொழியில் வழி பிறந்தது. அங்கும் ஒரு பொறி உண்டு. எழுத்து வகையை மாத்திரம் கேட்டால், 'மகனும்' என்பதில் 'மகன' வரை வந்து உகரக் குறியிலே நின்றுவிடும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' என்னும் வகையிலன்றிக் 'குறி' என்னும் வகையில் வைக்கப்பட்டிருத்தலே காரணம். எழுத்தையும் குறியையும் சேர்த்துக் கேட்டபின்னர்தான் மகன் மகனாகவும் மருமகன் மருமகனாகவும் நின்றனர்.

'காலஞ்சென்ற' என்ற சொல் இதனினும் கவனத்துக்குரியது. "காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் தம்பதிகளின்" என்று இருந்தால் இருவரும் முன்னரே இறந்தவர்கள். "காலஞ்சென்ற இன்னார், இன்னார் தம்பதிகளின்" என்று இருந்தால், முதலிற் சொன்னவர் மட்டுமே இறந்தவர்; மற்றவர் அன்று உயிருடன் இருந்தவர். இவ்வேறுபாட்டை நம் முதியோர் கண்ணிமைக்குமுன் அறிவர். கணினிக்கோ முதற் சொல்லினுள்ளே இரண்டாவது சொல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. நீண்ட சொல்லை முதலிலும் குறுகிய சொல்லைப் பின்னரும் தேடவேண்டும் என்பது இதனாற் கிடைத்த பாடம். இவ்வாறு செய்யுமுன், கணவனை இழந்து பல்லாண்டு வாழ்ந்த மூதாட்டி ஒருவரை எமது அட்டவணை அவருடைய மகனுக்கு முன்னரே இறந்தவராகக் காட்டி நின்றது.

சான்றுக்குச் சான்று

திகதிகளிலும் ஐயம் உண்டு. 5.6.1965 என்றால் யூன் மாதம் 5ஆம் நாளா, மே மாதம் 6ஆம் நாளா? நம் நாட்டு வழக்கில் நாளே முன்வரும். ஆயினும் வெளிநாட்டிலிருந்து வந்த பிரதிகளில் மாதம் முன்வருதலும் உண்டு. நல்லகாலமாக, அறிவித்தல் எழுதியோர் கிழமையையும் எழுதி வைத்தனர். 1965 யூன் 5 சனிக்கிழமை. மே 6 வியாழக்கிழமை. 'சனிக்கிழமை' என்ற ஒரு சொல் வழக்கைத் தீர்த்துவிடுகின்றது. திகதியும் கிழமையும் ஒவ்வாத அறிவித்தல்களைத் தனியே எடுத்து வைக்குமாறு நிரலுக்குச் சொன்னோம். தட்டச்சுப் பிழைகள் பல இவ்வாறே வெளிப்பட்டன.

ஊர்ப்பெயரோ கணினியால் மட்டும் தீராதது. 'காரைதீவு' என்றால் இன்று நாம் அம்பாறை மாவட்டத்து ஊரையே கொள்வோம். ஆனால் காரைநகருக்கும் பழைய பெயர் காரைதீவே. முதிய தலைமுறையைச் சேர்ந்த ஒருவரின் பிறப்பிடம் அவ்வாறு எழுதப்பட்டிருப்பின், உறவினரின் ஊர்களையும் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

"இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் யாவும் நொடியில் முடியாதோ?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். கொடுக்கலாம். கோல முறைக்கு அகப்படாத வாக்கியங்களையும் மொழி மாதிரிகள் எனப்படும் அந்நிரல்கள் பெரும்பாலும் விளங்கிக்கொள்கின்றன. 2023இல் குரோம் உலாவிக்கு 'வெப் ஜி.பி.யூ' என்னும் வசதி வந்தது. அதன் வழியாகக் கணினியின் வரைகலைச் சில்லினைப் பயன்படுத்தி, சிறிய மாதிரிகளை உலாவிக்குள்ளேயே விரைந்து இயக்கவும் முடிகின்றது. ஆயின் அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. வெறுங் கட்டத்தைக் கண்டால் எதையேனும் இட்டு நிரப்ப முற்படும். உரையில் இல்லாத பெயரையும் உள்ளது போலவே கூறிவிடும். கோல முறை தவறும்போது அத்தவறு கண்ணுக்குப் படும். இதன் தவறோ நல்லுடை உடுத்து வரும்.

அதற்கொரு காப்பு உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் விடையை மாத்திரம் கேளாமல், அவ்விடை உரையின் எச்சொற்களிலிருந்து வந்ததோ அச்சொற்களையும் எழுத்து மாறாமற் கேட்டல் வேண்டும். பின்னர், அச்சொற்கள் மூல உரையில் உண்மையாகவே உளவோ என்று சிறிய நிரலொன்றால் தேடிப் பார்த்தல் வேண்டும். இல்லையெனின் அக்கட்டத்தை வெறிதாக்கிவிட வேண்டும். சொற்கள் இருந்தும் பொருள் பிறழலாம். ஆதலின் இறுதிப் பார்வை மனிதருடையதாகவே இருத்தல் வேண்டும். எமது பெறாமகன், அட்டவணையின் கட்டமொன்றைத் தொட்டால் மூல அறிவித்தலிலே அவ்விடம் மஞ்சளாக ஒளிரும்படி செய்தான். பெரியம்மாவே அதனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பிழை சொல்லக்கூடியவராயினார். கணினி படியாதவரும் கணினியைத் திருத்தலாம் என்பதனை அன்று கண்டோம்.

வெறுங் கட்டம்

எல்லாம் முடிந்தபின்னும் சில கட்டங்கள் வெறிதாகவே நின்றன. 1965ஆம் ஆண்டு அறிவித்தலொன்றிலே எமது பூட்டனாரின் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தனர். ஆண்மக்களுக்குத் தத்தம் பெயர். பெண்மக்களுக்கோ 'திருமதி' என்று தொடங்கிக் கணவர் பெயர் மாத்திரம். அக்கால வழக்கு அது. அப்பெண்மக்களுள் ஒருவர் பிள்ளைகளின்றி இளமையிலேயே இறந்தவர். ஆதலால் அவர் பெயரைச் சொல்ல வேறெந்த அறிவித்தலும் இல்லை. 'சொந்தப் பெயர்' என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது. மொழி மாதிரி ஒன்று அக்கட்டத்திலே கணவரின் பெயரையே ஒரு முறை எழுதிவைத்தது. மற்றொரு முறை, அறிவித்தலில் எங்கும் இல்லாத ஒரு பெண்பெயரை அழகாக எழுதிவைத்தது. காப்பு நிரல் இரண்டாவதை நீக்கிற்று. முதலாவதை நாம் நீக்கினோம்.

பெறாமகன் அந்த வெறுங் கட்டத்தைச் சுட்டிக்காட்டி, "ஆச்சி, இவவின்ரை பேர் என்ன?" என்று கேட்டான்.

பெரியம்மா திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு பெயரைச் சொன்னார். "எனக்கு மண்ணிலை ஏடு தொடக்கி அகரம் எழுதப் பழக்கினவ அவதான். இவ்வளவு காலமும் ஒருத்தரும் என்னட்டை அவவைப் பற்றிக் கேட்கேல்லை" என்றார்.

அப்பெயர் அன்று அட்டவணையில் ஏறிற்று. அதன் எதிரே, ஆதாரம் என்ற கட்டத்தில், 'பெரியம்மா வாய்மொழி' என்று நாளையும் குறித்துவைத்தோம். அப்பெயரை இங்கு எழுதோம். அஃது எமது வீட்டுக்குரியது.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இத்தகைய துண்டுகள் இருக்கக்கூடும். பிள்ளைகளுக்குக் கணினி தெரியும். முதியோருக்கு உறவு தெரியும். இருவரையும் ஒரு மேசையில் இருத்துங்கள். உரையிலே உள்ளதைக் கணினி எடுத்துத் தரட்டும். உரையிலே இல்லாததை அது இட்டு நிரப்ப விடாதீர்கள். வெறுங் கட்டத்தை வெறுங் கட்டமாகவே வைத்து, அறிந்தவர் இருக்கும்போதே அவரிடம் சென்று கேளுங்கள்.